குழந்தையின் மூச்சை எண்ணத் தெரியுமா?



புதிய வியாதி ஒன்றின் பெயர் செய்தியில் அடிபட ஆரம்பித்தால் நம் வீடுகளில் என்ன நடக்கும் என்பது எல்லோரும் அறிந்ததே. ஊரிலிருந்து பாட்டி போன் செய்வார். "அங்கே ஏதோ புது ஜுரமாமே, குழந்தையை வெளியே விடாதே" என்பார். பக்கத்து ஃபிளாட்காரர் ஒரு டஜன் முகக்கவசம் வாங்கி வைப்பார். பிளே ஸ்கூலுக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று கணவன் மனைவிக்குள் வாக்குவாதம் நடக்கும். இரண்டு வாரம் கழிந்ததும் பெயரும் மறந்துபோகும், பயமும் போய்விடும். குழந்தைக்கு மூச்சு முட்டினால் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை மட்டும் அந்த இரண்டு வாரத்திலும் யாரும் கற்றுக்கொண்டிருக்க மாட்டோம்.

2025 ஜனவரி 6ஆம் தேதி திங்கட்கிழமை அப்படிப்பட்ட ஒரு நாள். பெங்களூரில் 3 மாதப் பெண் குழந்தை ஒன்றுக்கும் 8 மாத ஆண் குழந்தை ஒன்றுக்கும் எச்.எம்.பி.வி. என்ற வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டதாக மத்திய சுகாதார அமைச்சகம் அறிவித்தது. அன்றே ஆமதாபாத்தில் 2 மாதக் குழந்தை ஒன்று, சென்னையில் ஒருவர், சேலத்தில் ஒருவர் என்று செய்திகள் தொடர்ந்தன. சீன ஆஸ்பத்திரிகளில் கூட்டம் அலைமோதும் படங்கள் அதற்குச் சில நாட்கள் முன்பிருந்தே உலவிக்கொண்டிருந்தன. மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடு அந்த ஒரே நாளில் 1,200 புள்ளிகளுக்கு மேல் சரிந்தது. இந்த வைரஸ் பயமும் அதற்கு ஒரு காரணம் என்று பத்திரிகைகள் எழுதின.

ஆனால் அமைச்சகத்தின் அறிவிப்பை முழுவதும் படித்தவர்கள் சிலரே. பெங்களூர்க் குழந்தைகள் இருவரும் வெளிநாடு எதற்கும் போனவர்கள் அல்லர். பெண் குழந்தை ஏற்கனவே குணமாகி வீடு திரும்பியிருந்தது. ஆண் குழந்தை தேறி வந்தது. இந்த வைரஸ் இந்தியா உட்படப் பல நாடுகளில் முன்பிருந்தே உலவி வருவதுதான் என்றும் அதிலேயே சொல்லியிருந்தார்கள். மறுநாள், ஜனவரி 7ஆம் தேதி, உலக சுகாதார நிறுவனமும் சீனாவில் காணப்படும் சுவாச நோய்கள் அந்தப் பருவத்தில் எதிர்பார்க்கக்கூடிய அளவில்தான் உள்ளன என்று தெரிவித்தது.

புதியதா, பழையதா?

எச்.எம்.பி.வி. என்பது ஹியூமன் மெட்டாநியூமோவைரஸ் என்பதன் சுருக்கம். இதை முதலில் அடையாளம் கண்டவர்கள் நெதர்லாந்து நாட்டின் ராட்டர்டாம் நகர விஞ்ஞானிகள். அது 2001ஆம் ஆண்டு. சளி, இருமல், இரைப்பு என்று வந்து, எந்தக் கிருமி என்று தெரியாமலே போன 28 குழந்தைகளின் மாதிரிகளை அவர்கள் பாதுகாத்து வைத்திருந்தார்கள். அவற்றில்தான் இந்த வைரஸ் கிடைத்தது. பிறகு 1958ஆம் ஆண்டில் சேமித்து வைத்த பழைய ரத்த மாதிரிகளையும் எடுத்துப் பார்த்தார்கள். அவற்றிலும் இந்த வைரஸுக்கு எதிரான எதிர்ப்புப் பொருள் இருந்தது. ஆக, நாம் பெயர் வைப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பிருந்தே அது மனிதர்களிடையே உலவி வந்திருக்கிறது. ஐந்து வயதுக்குள் அநேகமாக எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரு முறையாவது இது வந்து போய்விடுகிறது.

பூனாவாசிகளான நமக்கு இதில் இன்னொரு விசேஷம் உண்டு. இந்தியக் குழந்தைகளிடம் இந்த வைரஸ் இருப்பதை முதன்முதலில் கண்டுபிடித்துச் சொன்னதே நம் ஊர்தான். இங்குள்ள தேசிய வைராலஜி நிறுவனத்தின் விஞ்ஞானிகள், நகரத்துக் குழந்தை மருத்துவர்களுடன் சேர்ந்து, சுவாச நோயால் அவதிப்பட்ட புனே குழந்தைகளிடம் இதைக் கண்டறிந்து 2004ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். பெங்களூர்ச் செய்தி வந்து நாடு பதறியதற்கு இருபது ஆண்டுகள் முன்பே இந்த வைரஸ் நம் தெருக்களில் இருந்தது என்று அர்த்தம். அன்று சளி பிடித்து நம் மடியில் படுத்திருந்த குழந்தைகளில் சிலருக்காவது இதுவே காரணமாக இருந்திருக்கும். இன்று அவர்கள் இஞ்சினியரிங் முடித்து ஹிஞ்சவடிக்கு பஸ் ஏறிப் போகிறார்கள்.

அம்பேத்கர் சாலை வழியாகப் போகும்போது அந்த நிறுவனத்தின் பெயர்ப் பலகையை நம்மில் பலர் பார்த்திருப்போம். 1952ஆம் ஆண்டு வைரஸ் ஆராய்ச்சி நிலையமாக ஆரம்பிக்கப்பட்டு, 1978ஆம் ஆண்டு தேசிய வைராலஜி நிறுவனம் என்று பெயர் மாறியது. 2020 ஜனவரி 30ஆம் தேதி, கேரளத்திலிருந்து வந்த மாதிரியைச் சோதித்து நாட்டின் முதல் கோவிட் நோயாளியை உறுதி செய்ததும் இதே நிறுவனம்தான். பாஷானில் இதற்கு இன்னொரு பெரிய வளாகமும் உண்டு. இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு நாம் வெறும் வதந்தியை நம்பிப் பயப்படுவது அழகல்ல.

அதற்காக, பழைய வைரஸ்தானே என்று அலட்சியமாக இருக்கலாம் என்று நான் சொல்ல வரவில்லை. பெரிய குழந்தைகளுக்கும் நமக்கும் இது சாதாரண ஜலதோஷமாகவே வந்து போகும். தொற்றிய 3 முதல் 6 நாட்களில் மூக்கொழுகல், இருமல், ஜுரம் என்று ஆரம்பிக்கும். அதே வைரஸ் கைக்குழந்தையின் நெஞ்சுக்குள் இறங்கினால் இரைப்பும் நிமோனியாவும் ஆகலாம். குறைமாதத்தில் பிறந்தவை, இருதயக் கோளாறு உள்ளவை, ஒரு வயதுக்கு உட்பட்டவை ஆகிய குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம். ஆர்.எஸ்.வி. என்று ஒரு வைரஸ் உண்டு. இதற்கு அது மிக நெருங்கிய உறவு. கைக்குழந்தைகளின் இரைப்புக்கு உலகெங்கும் முதல் காரணம் அதுதான். இன்ஃபுளுயன்சாவும் கோவிட்டும் கூட இதே வழியில்தான் வேலை செய்கின்றன. பெயர்கள் வேறானாலும் அவை தாக்கும் இடம் ஒன்றே.

சிறு குழாயின் கணக்கு

ஒரே வைரஸ் அப்பாவுக்கு வெறும் தும்மலையும், ஆறு மாதக் குழந்தைக்கு ஆஸ்பத்திரிப் படுக்கையையும் தருவது ஏன்? நான் டாக்டர் இல்லை. ஆனால் குழாய்க் கணக்கு ரயில்வேயில் பல ஆண்டுகள் எனக்குச் சோறு போட்ட கணக்கு. இந்தக் கேள்விக்குப் பதிலில் பாதி அதில் இருக்கிறது.

நம் சொசைட்டிகளில் போர் தண்ணீரோ டாங்கர் தண்ணீரோ விட்டுச் சில வருஷம் ஆனால் குழாயின் உட்புறத்தில் உப்புப் படியும். அகலமான மெயின் குழாயில் அது பெரிதாகத் தெரியாது. குளியலறைக்கு வரும் சன்னக் குழாயில் அதே கனத்துக்குப் படிந்தால் தண்ணீர் நூலாக ஒழுகும். பிரெஞ்சு மருத்துவர் புவாசே என்பவர் 1840களில் நுண்ணிய கண்ணாடிக் குழாய்களில் சோதனை செய்து இதற்கு ஒரு விதியே சொல்லிவிட்டார். குழாயின் விட்டம் பாதியானால் அதில் ஓடுவதும் பாதியாகும் என்றுதான் நமக்குத் தோன்றும். உண்மையில் அது பதினாறில் ஒரு பங்காகிவிடும்.

இதை மூச்சுக் குழாய்க்குப் பொருத்திப் பாருங்கள். கைக்குழந்தையின் மூச்சுக் குழாய் உள்விட்டம் சுமார் 4 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சளியாலும் வீக்கத்தாலும் சுற்றிலும் 1 மில்லிமீட்டர் அடைத்தால் மிச்சம் இருப்பது 2 மில்லிமீட்டர். எதிர்ப்பு 16 மடங்கு கூடிவிடும். 8 மில்லிமீட்டர் குழாயில் அதே 1 மில்லிமீட்டர் வீங்கினால் மிச்சம் 6 மில்லிமீட்டர். எதிர்ப்பு சுமார் 3 மடங்குதான் கூடும். அப்பாவும் குழந்தையும் ஒரே அளவு வீக்கத்தைச் சுமக்கிறார்கள். ஒருவருக்கு அது தொந்தரவு, மற்றவருக்கு உயிர்ப் பிரச்சினை.

இது அமைதியாக மூச்சு விடும்போது உள்ள கணக்கு. குழந்தை வீறிட்டு அழும்போது காற்று சுழன்று புரண்டு ஓடுவதால் எதிர்ப்பு இன்னும் ஏறும். இரைக்கும் குழந்தையை அழவிடாமல் தோளில் நிமிர்த்தி வைத்துக்கொள்ளச் சொல்வதன் காரணம் இதுதான்.

இன்னொன்றும் உண்டு. பெரியவர்களுக்கு மூச்சு போதவில்லை என்றால் நெஞ்சை விரித்து ஆழமாக இழுப்போம். குழந்தையின் விலா எலும்புகள் இன்னும் கெட்டிப்படாதவை, வளையக் கூடியவை. ஆழமாக இழுக்கப் போனால் நெஞ்சுக் கூடே உள்வாங்கிக்கொள்ளும். ஆகவே குழந்தைக்கு இருக்கும் முக்கியமான வழி வேகமாக மூச்சு விடுவதுதான். உள்ளே என்ன நடக்கிறது என்பதை அந்த வேகம் வெளியே காட்டிவிடுகிறது. அதைப் பார்க்க மிஷின் எதுவும் வேண்டாம். விநாடி முள் உள்ள கடிகாரம் ஒன்றும், பொறுமையும் போதும்.

எண்ணுவது எப்படி?

குழந்தை தூங்கும்போதோ அமைதியாக விழித்திருக்கும்போதோ எண்ண வேண்டும். அழும்போதும் பால் குடிக்கும்போதும் எண்ணினால் கணக்கு தவறாகும். சட்டையை மேலே தூக்கிவிட்டு வயிற்றையும் நெஞ்சையும் பாருங்கள். கைக்குழந்தைகள் வயிற்றால் மூச்சு விடுபவை. வயிறு ஒரு முறை மேலேறி இறங்கினால் ஒரு மூச்சு.

முழுதாக ஒரு நிமிஷம் எண்ணுங்கள். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கும் குறுக்கு வழி இங்கே உதவாது. கைக்குழந்தை சில விநாடி வேகமாகவும் சில விநாடி மெதுவாகவும் மூச்சு விடுவது இயல்பு. அதிகமாக வந்தால் சற்றுப் பொறுத்து இன்னொரு முறை எண்ணிப் பாருங்கள். ஜுரம் இருந்தாலும் மூச்சு வேகம் கூடும். ஜுரம் தணிந்த பிறகும் எண்ணிக்கை குறையவில்லை என்றால் அது கவனிக்க வேண்டிய விஷயம்.

கிராமத்துச் சுகாதாரப் பணியாளர்கள் நிமோனியாவைச் சந்தேகிப்பதற்காக உலக சுகாதார நிறுவனம் வகுத்துக் கொடுத்த அளவு இது:

2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தை: நிமிஷத்துக்கு 60 அல்லது அதற்கு மேல்.
2 மாதம் முதல் ஒரு வயது முடியும் வரை: 50 அல்லது அதற்கு மேல்.
ஒரு வயது முதல் ஐந்து வயது வரை: 40 அல்லது அதற்கு மேல்.

சளி இருமலுடன் இந்த எண்ணிக்கையும் இருந்தால் அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, திங்களன்று பார்த்துக்கொள்ளலாம் என்பது கூடாது.

குழந்தை நன்றாக இருக்கும் நாளிலும் இரண்டு மூன்று தடவை எண்ணி, சுவரில் தொங்கும் நாட்காட்டியில் தேதியுடன் குறித்து வையுங்கள். வழக்கமாக 34 என்று வரும் குழந்தைக்கு இன்று 48 வந்தால், 50க்குள்தானே என்று சும்மா இருக்கத் தோன்றாது. டாக்டரிடம் "வேகமாக மூச்சு விடுகிறான்" என்று சொல்வதற்கும், "வழக்கமாக 34, காலையில் 48, இப்போது 56" என்று சொல்வதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதைப் பாருங்கள்.

உடனே ஓட வேண்டிய அறிகுறிகள்

எண்ணிக்கை எதுவாக இருந்தாலும், கீழே சொல்பவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்கக் கூடாது.

1. மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்ளே பள்ளமாகப் போவது.
2. மூக்குத் துவாரம் விரிந்து விரிந்து மூடுவது, மூச்சுக்கு மூச்சு முனகுவது, தலை ஆடுவது.
3. பாலோ தண்ணீரோ குடிக்க முடியாமல் போவது, குடித்ததையெல்லாம் வாந்தி எடுப்பது.
4. உதடோ நாக்கோ நீலம் பாய்வது, மூச்சு இடையில் நின்று நின்று வருவது.
5. வலிப்பு, அல்லது எழுப்பினாலும் எழாத மயக்கம்.
6. மூத்திரம் போவது வெகுவாகக் குறைவது.
7. 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி அல்லது அதற்கு மேல் ஜுரம்.

ஒரு எச்சரிக்கை. மணிக்கணக்காக வேகமாக இரைத்த குழந்தை திடீரென்று மெதுவாக மூச்சுவிட்டு, துவண்டுபோய்க் கிடந்தால், "அப்பாடா, தூங்கிவிட்டது" என்று நினைக்க வேண்டாம். அது மூச்சு விட்டே களைத்துப்போனதன் அடையாளமாக இருக்கலாம். உண்மையில் தேறிவரும் குழந்தை பால் குடிக்கும், முகம் பார்க்கும், எழுப்பினால் எழுந்து அழும்.

இந்த வகை நோய் முதல் நாளே உச்சத்துக்குப் போவதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். வெறும் மூக்கொழுகலாக ஆரம்பித்து, மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் மோசமாகி, பிறகு படிப்படியாகக் குறைவதுதான் வழக்கம். முதல் நாள் டாக்டர் பார்த்து "ஒன்றுமில்லை" என்று சொன்னது அன்றைக்கு உண்மை. மூன்றாம் நாள் இரவு மறுபடியும் எண்ண வேண்டியது நம் வேலை. இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் நீடிக்கலாம். குழந்தை சுறுசுறுப்பாக இருந்தால் அதற்குப் பயப்பட வேண்டாம்.

வீட்டில் செய்யக்கூடியதும் கூடாததும்

இந்த வைரஸைக் கொல்லும் மருந்து இதுவரை கிடையாது. ஆன்டிபயாடிக் மருந்துகள் பாக்டீரியாவுக்கானவை, வைரஸை ஒன்றும் செய்யாது. சென்ற முறை வாங்கி மிச்சம் வைத்த பாட்டிலை எடுத்துக் கொடுப்பது வீண்வேலை மட்டுமல்ல, கெடுதலும்கூட. ஆஸ்பத்திரியிலும் ஆக்சிஜன், நீர்ச்சத்து, கவனிப்பு ஆகியவற்றைக் கொடுத்து குழந்தை தானே மீள்வதற்கு அவகாசம் தருகிறார்கள்.

வீட்டில் செய்யக்கூடியது இவ்வளவுதான். தாய்ப்பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுப்பது. சின்னக் குழந்தைகள் பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும் என்பதால், பால் கொடுப்பதற்கு முன் மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு விட்டு மூக்கைச் சுத்தம் செய்வது. ஜுரத்துக்கு டாக்டர் சொன்ன அளவில் பாரசிட்டமால் கொடுப்பது. குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது.

பாரசிட்டமாலில் ஒரு அளவுக் கணக்கு இருக்கிறது. சொட்டு மருந்தாக வரும் பாட்டிலில் பொதுவாக 1 மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் 5 மில்லியில் 120 அல்லது 125 மில்லிகிராம் இருக்கும். 250 உள்ள சிரப்பும் உண்டு. "ஒரு ஸ்பூன்" என்று சிரப்புக்குச் சொன்னதைச் சொட்டு மருந்தில் அளந்து ஊற்றினால் நான்கு மடங்கு உள்ளே போய்விடும். அம்மா ஆபீசிலிருந்து போனில் சொல்ல, பாட்டி வீட்டில் கொடுக்கும் குடும்பங்களில் இது எளிதில் நடக்கக் கூடியது. எந்தப் பாட்டில், எத்தனை மில்லி, கடைசியாக எத்தனை மணிக்குக் கொடுத்தது என்று ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள்.

இருமல் மருந்து விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். 2025ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் இருமல் சிரப் குடித்த 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தன. டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு கலந்த அந்தச் சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் என்பதைப் படித்தபோது தமிழர்களாகிய நமக்கு இரட்டை வேதனை. அந்த அக்டோபரிலேயே மத்திய அரசின் சுகாதாரச் சேவை இயக்குநரகம், 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல் சளி மருந்துகளைத் தரக் கூடாது என்றும், 5 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை என்றும் மாநிலங்களுக்கு எழுதியது. நச்சு கலக்காத நல்ல மருந்தாகவே இருந்தாலும், இந்த வயதில் அதனால் பலன் இல்லை என்பதுதான் விஷயம்.

நம் கைவைத்தியங்களைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. பாட்டிமார்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். குளிப்பாட்டியபின் குழந்தைக்குச் சாம்பிராணிப் புகை காட்டுவது நம் வழக்கம். ஆனால் ஏற்கனவே வீங்கியிருக்கும் குழாய்க்கு எந்தப் புகையும் எதிரிதான். சாம்பிராணி, கொசுவர்த்தி, சிகரெட் மூன்றுக்கும் இதில் பேதம் இல்லை. மூக்கில் எண்ணெய் விட்டால் அது நுரையீரலுக்குள் இறங்கித் தனியாக ஒரு நிமோனியாவை உண்டாக்கும். தொண்டையில் விரலை விட்டுச் சளி எடுப்பது மிகவும் அபாயகரமானது. கற்பூரம் கலந்த தைலங்களை 2 வயதுக்குள் தடவக் கூடாது. வென்னீர்ப் பாத்திரத்தின் மேல் குழந்தையைப் பிடித்து ஆவி காட்டப் போய் வெந்துபோன சம்பவங்கள் ஏராளம். தேன், ஒரு வயது முடிந்த குழந்தைக்கு இருமலுக்கு இதமானது. ஒரு வயதுக்குள் ஒரு சொட்டுகூடக் கூடாது. ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும், கற்பூரவல்லிச் சாறு உட்பட, வேண்டாம்.

2020க்குப் பிறகு நம்மில் பலர் வீட்டில் ஆக்சிஜன் அளக்கும் கிளிப் இருக்கிறது. அது பெரியவர்களின் விரலுக்குச் செய்தது. கைக்குழந்தையின் சின்ன விரலில் மாட்டினால் சரியாகப் படிக்காது. அது 98 காட்டுகிறது என்று நம்பி, உள்வாங்கும் நெஞ்சைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள்.

எந்த வைரஸ் என்று டெஸ்ட் செய்ய வேண்டாமா?

சாதாரணமாக வேண்டியதில்லை. ஒரே மாதிரியில் பல வைரஸ்களைத் தேடும் பரிசோதனைக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும். எச்.எம்.பி.வி. என்று வந்தாலும் ஆர்.எஸ்.வி. என்று வந்தாலும், வீட்டில் தேறிவரும் குழந்தைக்குச் செய்யும் வைத்தியம் ஒன்றே. ஆஸ்பத்திரியில் சேர்த்த குழந்தைக்கு டாக்டர் கேட்டால் அது வேறு விஷயம். 2009 ஆகஸ்டில் பன்றிக் காய்ச்சலுக்கு நாட்டின் முதல் உயிரிழப்பு, ஒரு பள்ளி மாணவி, நம் பூனாவில் நிகழ்ந்தபோது, நாயுடு தொற்றுநோய் மருத்துவமனை வாசலில் நின்ற வரிசை பலருக்கு நினைவிருக்கும். லேசான ஜலதோஷம் உள்ளவர்களும் அந்தக் கூட்டத்தில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். பயந்து போய் வரிசையில் நிற்பதே தொற்றை வாங்கி வர நல்ல வழி.

வராமல் தடுக்க

எச்.எம்.பி.வி.க்குத் தடுப்பூசி இன்னும் இல்லை. உறவுக்கார வைரஸான ஆர்.எஸ்.வி.க்குக் கர்ப்பிணிகளுக்குப் போடும் ஊசி 2023 முதல் சில நாடுகளில் வந்திருக்கிறது. ஆனாலும் நம் கையில் இருக்கும் ஊசிகளை விட்டுவிடக் கூடாது. வைரஸ் நுரையீரலைப் புண்ணாக்கிய பின் நியூமோகாக்கஸ் என்ற பாக்டீரியா உள்ளே புகுந்துதான் பல நேரங்களில் நிமோனியா முற்றுகிறது. தென்னாப்பிரிக்காவில் நடந்த ஆராய்ச்சியில், நியூமோகாக்கஸ் தடுப்பூசி போட்ட குழந்தைகளிடம் எச்.எம்.பி.வி. நிமோனியாவும் குறைவாக இருந்தது. இந்த ஊசி 2021 முதல் நாடு முழுவதும் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் இலவசம். ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என்று மூன்று தடவை. தலைப்பிரசவத்துக்கு ஊருக்குப் போய், முதல் ஊசியை அங்கே போட்டுவிட்டு, இங்கே திரும்பியபின் அட்டையைக் காணோம் என்று தேடுவது நம் குடும்பங்களில் சகஜம். அட்டையை மொபைலில் படம் எடுத்து வையுங்கள். இன்ஃபுளுயன்சா ஊசியைப் பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள். ஆறு மாதத்துக்குப் பின் அதைப் போடலாம்.

மற்றபடி, இந்த வைரஸ் இருமல் தும்மலின் துளியாலும், கையாலும், தொட்ட பொருளாலும் பரவுவது. வெளியிலிருந்து வந்தவர் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே குழந்தையைத் தூக்க வேண்டும். ஜலதோஷம் உள்ளவர் முகக்கவசம் போட்டுக்கொள்ள வேண்டும், குழந்தைக்கு முத்தம் கொடுக்கக் கூடாது. பெயர்சூட்டு விழாவானாலும், காதுகுத்தானாலும், நம் பொங்கல் விழாவே ஆனாலும், இரண்டு மாதக் குழந்தை கைக்குக் கை மாற வேண்டிய அவசியமில்லை. மூத்த பிள்ளைக்கு மூக்கொழுகினால் இரண்டு நாள் பள்ளிக்கு லீவு போடுங்கள். வீட்டுக் கைக்குழந்தைக்குச் சளியைக் கொண்டு வருவது அநேகமாக அந்த மூத்த பிள்ளைதான்.

தாத்தா பாட்டிகளுக்கு

பிம்ப்ரி சிஞ்ச்வடிலும் கராடியிலும் வாகடிலும் அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில், ஊரிலிருந்து வந்த தாத்தா பாட்டியே பகல் முழுதும் குழந்தையுடன் இருக்கிறார்கள். மூச்சு வேகமாவதை முதலில் பார்க்கப்போவதும் அவர்களே. அவர்களுக்கு மராத்தியும் ஹிந்தியும் வராது, பக்கத்து வீட்டைத் தட்டவும் கூச்சம். மகன் கூட்டத்தில் இருப்பான், தொந்தரவு செய்ய வேண்டாம் என்று சாயங்காலம் வரை காத்திருப்பார்கள். குழந்தை இழக்கும் நேரம் இந்தத் தயக்கத்தில்தான் போகிறது.

ஆகவே சில ஏற்பாடுகளை முன்கூட்டியே செய்து வையுங்கள். 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டைப் போலவே மகாராஷ்டிரத்திலும் உண்டு, இலவசம். வீட்டு விலாசத்தை மராத்தியில் எழுதி, தமிழ் எழுத்திலும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அருகில் குழந்தை மருத்துவர் இரவிலும் இருக்கும் ஆஸ்பத்திரி எது என்று இன்றே விசாரித்து வையுங்கள். இரண்டு மூன்று மராத்தி வாக்கியம் போதும். "பாளாலா ஷ்வாஸ் க்யாய்லா த்ராஸ் ஹோதோய்" என்றால் குழந்தைக்கு மூச்சுவிடச் சிரமமாக இருக்கிறது. "தூத் பீத் நாஹி" என்றால் பால் குடிக்கவில்லை. இதைச் சொன்னால் வாட்ச்மேன் முதல் டாக்டர் வரை யாருக்கும் புரியும்.

பெரியவர்கள் தங்களையும் மறக்கக் கூடாது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கும், ஆஸ்துமா, இருதய நோய் உள்ளவர்களுக்கும் இதே வைரஸ் நெஞ்சுக்குள் இறங்கக் கூடியது. பேரனிடமிருந்து தொற்றிய சளியை "வயசுக்கு வரும் இருமல்" என்று விட்டுவிடாமல், மூச்சு வாங்கினால் காட்டிவிடுங்கள்.

இனிமேலும் புதிய வைரஸ்கள் வரும், புதிய பெயர்கள் வரும். அவற்றை ஆராய்வதற்கு அம்பேத்கர் சாலையிலும் பாஷானிலும் ஆட்கள் இருக்கிறார்கள். நம் பங்குக்கு ஒரு நிமிஷ வேலை இருக்கிறது. இன்றிரவு குழந்தை தூங்கியதும், விளக்கை அணைப்பதற்கு முன், சட்டையைத் தூக்கி ஒரு நிமிஷம் எண்ணுங்கள். பக்கத்தில் பாட்டியையும் உட்கார வைத்துக்கொண்டு எண்ணுங்கள். வந்த எண்ணை நாட்காட்டியில் எழுதி வையுங்கள்.